எட்டாம் வகுப்பு முதலாளியும் மூன்று ஆண்டுகளும்

திருப்பூரில் ஓர் அரசுப் பள்ளியின் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் உரிமையாளர். பள்ளிக்கு வகுப்பறைகள் கட்டித் தந்தவர். நல்ல மனிதர் என்பதில் எனக்கு ஐயமில்லை. மேடையில் அவர் பேசியது மிகச் சுருக்கம். "நான் எட்டாவது பெயில். இன்னிக்கு எங்கிட்ட நாப்பது டிகிரிக்காரங்க சம்பளம் வாங்கறாங்க. படிச்சாத்தான் முன்னுக்கு வர முடியும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க கண்ணுகளா. உழைப்புதான் படிப்பு." பந்தல் அதிர்ந்தது. பழக்கதோஷத்தில் நானும் கைதட்டினேன்.

சில வாரங்கள் கழித்து, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த சமயம், எங்கள் வீதியில் குடியிருக்கும் ஒரு டெய்லரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஓவர்லாக் ஓட்டுபவர், இருபது வருட அனுபவம். மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். எந்தக் கல்லூரி என்று கேட்டேன். "படிக்க வெச்சு என்னங்க ஆகப் போவுது? எங்க மொதலாளியே எட்டாவது பெயிலுங்க. அவருகிட்ட என்ஜினீயருங்க கை கட்டி நிக்கறாங்க. செக்கிங்குக்கு அனுப்பலாம்னு இருக்கறனுங்க. ரெண்டு வருசம் போனா ஒரு கல்யாணம் பண்ணிப்போடலாம்" என்றார்.

பந்தலில் கைதட்டிய கை அப்போதுதான் எனக்குக் கூசியது. மேடையில் உற்சாக வாக்கியமாக ஒலித்தது, வீட்டு வாசலில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் சட்டமாக மாறியிருந்தது. அந்த வாக்கியத்தை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அது முழுப் பொய்யாக இருந்தால் எதிர்ப்பது சுலபம். பாதி உண்மையாக இருப்பதுதான் சிக்கல்.

*

முதலில் உண்மையான பாதியை ஒப்புக்கொண்டுவிடுவோம். 1920களில் ஒருசில பின்னலாடை எந்திரங்களுடன் உள்ளாடைத் தொழில் தொடங்கிய ஊர் இது. 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் தேடி வரத் தொடங்கினார்கள். இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது. இந்த வளர்ச்சியை நிகழ்த்தியவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்கள் என்பது உண்மை. கைமடிக்கப் பையனாகச் சேர்ந்து, டெய்லராகி, கட்டிங் மாஸ்டராகி, நாலு மெஷின் வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, பங்காளி ஒருவரோடு கம்பெனி தொடங்கி, கடைசியில் பெயர்ப்பலகையில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று எழுதிக்கொண்டவர்களை இந்த ஊரில் எந்தத் தெருவிலும் காணலாம்.

இதை ஒரு ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டு 1990களில் இங்கே தங்கி ஆராய்ந்தவர் ஷரத் சாரி. 2004-இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பைத் தமிழில் 'சகோதர மூலதனம்' என்று சொல்லலாம். விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த தொழிலாளிகள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதே அவருடைய கேள்வி. அவர் சந்தித்த முதலாளிகள் தங்கள் வெற்றியை விளக்கத் திரும்பத் திரும்பக் கையாண்ட சொல் 'உழைப்பு'. ஆண்டு விழாவில் நான் கேட்டதும் அதே சொல்தான். ஆனால் சாரி அந்தச் சொல்லோடு நின்றுவிடவில்லை. நூலின் தலைப்பிலேயே அவர் உழைப்பை வைக்கவில்லை, சகோதரத்தை வைத்தார்.

ஏன் என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும். பணி ஓய்வு பெறும்வரை நான் ஒரு வங்கியில் இருந்தவன்; கடன் பிரிவில் பல வருடங்கள். கடன் விண்ணப்பப் படிவத்தில் 'கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் யாரும் பார்த்ததாக நினைவில்லை. எட்டாவது என்றும் இருக்கும், காலியாகவும் இருக்கும். நாங்கள் பார்த்ததெல்லாம் அடுத்த பக்கம்: ஈடு என்ன, ஜாமீன் யார். தோட்டத்துப் பத்திரம் வரும். மாமனாரின் கையெழுத்து வரும். ஏற்கனவே எங்களிடம் கணக்கு வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் தொலைபேசியில், "நம்ம பையன்தானுங்க" என்பார். இந்த 'நம்ம' என்ற சொல்லுக்குள் நிலம், குலம், கோயில், கல்யாண உறவு எல்லாம் அடக்கம். எட்டாம் வகுப்பில் தோற்றவருக்கு நாங்கள் கொடுத்தோம் என்பது மெய். எட்டாம் வகுப்பில் தோற்ற எல்லாருக்கும் கொடுத்தோம் என்பது பொய்.

அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் நிறுவனங்களை வைத்து எழுதி 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. (பானர்ஜி 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.) உள்ளூரில் நிலமும் செல்வமும் உள்ள கவுண்டர் சமூகத்தவரின் நிறுவனங்கள் தொடக்கத்திலேயே அதிக மூலதனத்தோடு இறங்கின. வெளியூரிலிருந்து வந்தவர்கள் குறைந்த மூலதனத்தோடு தொடங்கியும் வேகமாக வளர்ந்தார்கள். திறமை இருந்த இடத்துக்குப் பணம் போகவில்லை. உறவு இருந்த இடத்துக்குப் போயிற்று என்பதுதான் இதன் சாரம். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உறவினருக்குக் கைகொடுப்பது குற்றமும் அல்ல. ஆனால் கைகொடுக்கப்பட்டதை மறைத்துவிட்டு, 'உழைத்தேன், வந்தேன், நீயும் வா' என்று மேடையில் சொல்வது நேர்மையல்ல. அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தோட்டத்துப் பத்திரம் இருக்கும்? எத்தனை பேருக்காகத் தொலைபேசியில் 'நம்ம பையன்' என்று சொல்ல ஆள் இருக்கும்?

அதிலும் 'பையன்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நான் பணியாற்றிய காலத்தில் கைமடிக்க வந்த சிறுமி பின்னாளில் கம்பெனி நடத்துபவளாக என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததாக ஒரு நிகழ்ச்சிகூட எனக்கு நினைவில்லை. சேரியிலிருந்து வந்த டெய்லர்கள் திறமையில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அவர்களில் எவரும் ஜாமீன் கட்டத்தை நிரப்பி வந்ததில்லை. ஏணி இருந்தது. அதில் யார் ஏறலாம் என்பது ஏணிக்கு வெளியே முடிவு செய்யப்பட்டது.

*

சரி, அன்றாவது சிலருக்கு ஏணி இருந்தது. இன்று அதுவும் இல்லை என்பது என் அடுத்த வாதம்.

கைமடித்த பையன் முதலாளி ஆனதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அன்றைய சிறு கம்பெனியில் துணி வெட்டுவதிலிருந்து பெட்டி கட்டுவதுவரை எல்லாம் ஒரே கூரையின் கீழ், கண் எதிரே நடந்தது. பத்து வருடம் அங்கே இருந்தவனுக்கு முழுத் தொழிலும் பாடமாயிற்று. அதுதான் அவனுடைய பல்கலைக்கழகம். இன்றைய பெரிய தொழிற்சாலையில் வரிசை வரிசையாக மெஷின்கள். ஒருத்தி தோள் மூட்டு மட்டும் தைக்கிறாள். அடுத்தவள் கழுத்துப் பட்டி மட்டும். பத்து வருடம் தைத்தாலும் அவளுக்குத் தோள் மூட்டுதான் தெரியும். பையர் யார், விலை எப்படி நிர்ணயமாகிறது, நூல் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் குளிரூட்டப்பட்ட அறைக்குள் நடக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் இளைஞனிடம் 'எட்டாவது பெயில் ஆன முதலாளி' கதையைச் சொல்லிப் பாருங்கள். அவனுக்குச் சிரிப்புதான் வரும்.

அந்தக் குளிரூட்டப்பட்ட அறைக்குள் இருப்பது யார்? மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரின் ஆங்கில மின்னஞ்சலைப் படித்துப் பதில் எழுதுபவர், அளவுப் பட்டியலைப் புரிந்துகொண்டு சாம்பிள் எடுப்பவர், தணிக்கைக்கு வருகிறவர்களிடம் ஆவணங்களைக் காட்டுபவர். கிட்டத்தட்ட எல்லாரும் பட்டதாரிகள். பட்டம் தேவையில்லை என்று சொல்லும் இதே தொழில்தான் 1990களில் தன் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் முதலிபாளையத்தில் பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரியை நிறுவிக்கொண்டது. தனக்கு எது தேவை என்பதைத் தொழில் நன்றாகவே அறிந்திருந்தது. தன் தொழிலாளியின் பிள்ளைக்கு எது தேவை என்பதில்தான் அதற்கு வேறு கருத்து.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். சாயத் தொழிலைக் கண்ணால் பார்த்துக் கையால் கற்ற ஊர் இது. நிறம் பார்த்தே பக்குவம் சொல்லும் சாய மாஸ்டர்கள் இருந்தார்கள். ஆனால் சாயத்தோடு போகும் உப்புக்கு நிறம் கிடையாது. நொய்யலிலும், 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையிலும் அது போய்த் தங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யைப் படித்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்காது. நதி கெட்டதற்குப் படிக்காதவர்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அனுமதிக் கோப்புகளில் கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் படித்தவர்களே. நான் சொல்வது வேறு. அந்தப் பட்டறைகள் மீண்டும் திறந்தது சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் கொண்ட சுத்திகரிப்பு நிலையங்களால். அவற்றை உழைப்பால் மட்டும் இயக்க முடியாது. வேதியியல் தெரிய வேண்டும். 'உழைப்புதான் படிப்பு' என்ற வாக்கியம் அந்தத் தொழிலையே காப்பாற்றப் போதவில்லை.

*

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நான் தவிர்க்க விரும்பவில்லை. "பொறியியல் படித்தவன் மாதம் பதினைந்தாயிரத்துக்கு அலைகிறான், நல்ல டெய்லர் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் அதைவிட அதிகம் வாங்குகிறான். நான்கு வருடமும் சில லட்சங்களும் வீண்தானே?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இந்த 47-இல் எத்தனை பேர் உண்மையில் எதையாவது கற்றார்கள் என்று கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும். விரிவுரையாளர் இல்லாத துறைகள், குறிப்பேட்டை நகலெடுக்கும் செய்முறை வகுப்புகள், கடன் வாங்கிக் கட்டிய கட்டணம் எல்லாம் நாம் அறிந்தவை.

ஆனால் சோறு குழைந்துவிட்டது என்பதற்காகச் சோறே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. கல்லூரி மோசம் என்றால் கல்லூரியைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். மேலும், டெய்லரின் சம்பளத்தையும் பட்டதாரியின் சம்பளத்தையும் இருபத்திரண்டாவது வயதில் ஒப்பிடக் கூடாது. நாற்பத்தைந்தில் ஒப்பிட வேண்டும். டெய்லரின் சம்பளம் அவருடைய கண்ணிலும் முதுகிலும் இருக்கிறது. என் வீதி நண்பருக்கு இப்போதே ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. 2020-இன் பொதுமுடக்கத்தில் அவர் வீட்டில் இருந்தார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது அவருடைய கம்பெனியில் ஷிப்ட் குறைந்தது. சனிக்கிழமை உறையின் கனமும் குறைந்தது. ஒவ்வொரு முறையும் அவர் காத்திருந்தார். காத்திருப்பதைத் தவிர அவரால் வேறெதுவும் செய்ய முடியாது. அவருக்குத் தெரிந்தது ஓவர்லாக் ஒன்றுதான். பட்டம் செல்வத்தைக் கொண்டுவரும் என்று நான் வாதிடவில்லை. வேறொரு கதவைத் தட்டும் உரிமையை அது தருகிறது. குரூப் 2 தேர்வுக்கோ வங்கி எழுத்தர் தேர்வுக்கோ பட்டம் இல்லாமல் விண்ணப்பம்கூடப் போட முடியாது. 'நம்ம பையன்' என்று சொல்ல ஆளில்லாதவருக்கு அந்தத் தாள்தான் ஜாமீன்.

*

நம் இலக்கிய வட்டத்திலும் இந்த வியாதி உண்டு. "ஜெயகாந்தன் என்ன படித்தார்?" என்று கேட்காத கூட்டம் இல்லை. ஐந்தாம் வகுப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வளர்ந்தது கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில். தலைவர்களின் பேச்சுக்கும் புத்தகங்களுக்கும் அச்சகத்துக்கும் நடுவில். அப்படியொரு கல்விக்கூடம் இன்று எந்தப் பதினான்கு வயதுப் பையனுக்குக் கிடைக்கும்? நம் கொங்கு நாட்டில் அடுத்தபடியாகச் சொல்லப்படும் பெயர் ஜி.டி. நாயுடு. தொடக்கப் பள்ளியோடு நின்றவர். அவர் பட்டத்தை ஏளனம் செய்யவில்லையா என்பார்கள். அவர் செய்தது 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமாக இருந்தது. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் அதிகம், இரண்டு போதும் என்று வாதிட்டார். அரசு ஏற்கவில்லை என்றதும் விலகினார். காலத்தைக் குறை என்றார். கல்லூரியை மூடு என்று சொல்லவில்லை. காமராஜரும் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்தான். முடிக்காத அவர், "என்னைப் பாருங்கள், படிக்காமலே முதல்வரானேன்" என்று மேடையில் பேசிக்கொண்டிருக்கவில்லை. பள்ளிகளைத் திறந்து சோறு போட்டார். படிக்காமல் உயர்ந்தவர்களில் இரண்டு வகை. தனக்குக் கிடைக்காததைப் பிறருக்குக் கிடைக்கச் செய்பவர் ஒருவகை. தனக்குத் தேவைப்படாதது பிறருக்கும் தேவையில்லை என்பவர் மறுவகை.

அந்தச் சிறப்பு விருந்தினரும் முழுக்க மறுவகையைச் சேர்ந்தவர் அல்லர். வகுப்பறை கட்டியவர் அவர். அதனால்தான் அவரிடம் கேட்கத் தோன்றுகிறது: உங்கள் மகன் எந்தக் கல்லூரியில் படித்தார்? இந்த ஊரில் இந்தக் கேள்விக்கான விடை அநேகமாக எல்லாருக்கும் தெரியும். முதல் தலைமுறை முதலாளிகளின் பிள்ளைகள் கோவையிலும் சென்னையிலும் கடல் கடந்தும் எம்.பி.ஏ. படித்துவிட்டுத்தான் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறார்கள். ஆஸ்தியும், ஆலையும், உறவும் எல்லாம் இருக்கிற பிள்ளைக்கே பட்டம் வேண்டியிருக்கிறது. எதுவுமில்லாத பிள்ளைக்கு அது வேண்டாமாம்.

*

கடைசியாக மூன்று ஆண்டுகளைப் பற்றி. கொங்கு வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பதின்ம வயதுப் பெண்களை அழைத்து வந்து, விடுதியில் அடைத்து, பெரும்பாலும் மூன்று ஆண்டு வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு. இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறினால் அந்தத் தொகை கிடைக்காமல் போகும். அதைப் பற்றி எழுதிக் கண்டித்தவர்கள் பலர். ஆனால் அதில் ஒரு கணக்கு இருப்பதை நாம் பேசவில்லை. ஓர் இளங்கலைப் பட்டத்துக்கும் அதே மூன்று ஆண்டுகள்தான். ஒரே வயது, ஒரே காலம். ஒன்றின் முடிவில் தாலிக்கான பணம். மற்றதன் முடிவில் தன் பெயரில் ஒரு தாள்.

எங்கள் பகுதியில் பெண்ணுக்குக் கல்லூரி என்றால் வேலைவாய்ப்பு என்று மட்டும் பொருளல்ல. கல்யாணப் பேச்சை மூன்று ஆண்டு தள்ளிப்போடுவதற்கு அது ஒன்றுதான் ஊர் ஏற்றுக்கொள்ளும் காரணம். பேருந்தில் தனியாகப் போகலாம், நூலகத்தில் உட்காரலாம், வேறு ஊர், வேறு சாதிப் பெண்களோடு பழகலாம், இருபத்தொரு வயதில் தன் வாயால் 'வேண்டாம்' என்று சொல்லப் பழகலாம். 'தொழில் வெற்றிக்குப் பட்டம் அவசியமா?' என்று விவாதிக்கும் ஆண்கள் யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் இவையெல்லாம் அவர்களுக்குப் பட்டம் இல்லாமலே கிடைத்தவை.

என் டெய்லர் நண்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். பல்லடம் சாலையில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. கட்டணம் அவருடைய ஒரு வாரச் சம்பளத்துக்குக்கூட வராது. இரண்டாவதாக, முதலாளியின் மகன் என்ன படித்தார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அது வெளிநாட்டுலங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அந்தப் பாரத்தை எடுத்துட்டு வா கண்ணு, அய்யா எழுதித் தருவாரு" என்றார்.

அவள் உள்ளிருந்து கொண்டு வந்த விண்ணப்பம் ஏற்கனவே நிரப்பப்பட்டிருந்தது. அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி.